சாளைக்கு வயித்தால போகுது

வீட்டுப் பூனைக்கு வயிறு சரியில்லன்னு தெருவுல வாய் தவறிக்கூட சொல்லிறாதீங்க. சொன்னா அம்புட்டுதான். கோலம் போடுற அக்காவுல இருந்து கேன் தண்ணி போடுற அண்ணாச்சி வரைக்கும் எல்லாரும் டாக்டர் ஆயிருவாங்க.

ஓமத்தண்ணி ஊத்து.
சுக்கைத் தட்டிப் போடு.
பூண்டைச் சுட்டு நசுக்கி நாக்குல தடவு.
மஞ்சப்பால் குடு. (பால்! வயித்தால போற பூனைக்கு!)

இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போயிருவேன். மருந்துக்கடையில நின்ன தம்பி சொன்னதுதான் என்னைய இப்ப உக்காந்து டைப் அடிக்க வச்சிருக்கு. நான் வாங்கப் போனது ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சு, தண்ணி புகட்டுறதுக்கு. பூனைக்குன்னு சொன்னதும் "ஒடம்பு சுடுதாக்கா?"ன்னான். லேசா சுடுற மாதிரிதான் இருக்குன்னேன்.

"அப்ப பச்சப்புள்ளைக்குக் குடுக்குற பாராசிட்டமால் சிரப்பு இருக்குல்லா, அதுல அர மூடி ஊத்துங்க. புள்ளைக்கே குடுக்கோம், பூனைய என்ன செஞ்சிரப் போவுது?"

கொன்னுரும் தம்பி. அதத்தான் செய்யும்.

நம்ம ஈரல்ல ஒரு நொதி இருக்கு. பாராசிட்டமால் மாதிரி சரக்கு உள்ள வந்தா, அதைத் தண்ணியில கரையுற மாதிரி மாத்தி மூத்திரத்துல வெளிய தள்ளிரும். பூனை ஈரல்ல அந்த நொதி பேருக்குத்தான் இருக்கு. அதனால மருந்து வேற வழியில திரும்பி விஷமா மாறி, நேரா ரத்தத்துல கை வைக்குது. பூனையோட ஹீமோகுளோபின்ல இந்த விஷம் வந்து தாக்குறதுக்கு வாகான கந்தக முனைகள் எட்டு இருக்கு. நமக்கு ரெண்டுதான். ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறிரும். ஈறு பழுப்பா, நீலமா ஆகும். மூஞ்சியும் பாதமும் வீங்கும். நாலு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில பாதியே உயிர எடுக்கப் போதும். டோலோ, கால்பால், க்ரோசின்னு பேருதான் வேற வேற, எல்லாம் இந்த ஒரே சரக்குதான். மாத்து மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன்னு பேரு. ஆனா சில மணி நேரத்துக்குள்ள டாக்டர் கையில பூனை இருக்கணும்.

இன்னொண்ணு. பூனை ஒடம்பு நமக்கு எப்பவுமே சுடும். அதோட சாதாரண வெப்பமே நூறரையில இருந்து நூத்தி ரெண்டரை பாரன்ஹீட். நம்ம 98.6 கையை வச்சுத் தொட்டுப் பாத்தா நல்லா இருக்குற பூனைக்கும் காய்ச்சல் அடிக்குற மாதிரிதான் தெரியும். காதத் தொட்டுப் பாத்துட்டு மருந்து ஊத்துறவங்க இதை ஒரு தடவ படிங்க.

அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். "அப்படியாக்கா?"ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுக்கு அதே சிரப்ப எடுக்கப் போயிட்டான். (அது மனுசப் புள்ளைக்குத்தான். நின்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.)

சரி, எங்க வீட்டு மகாராணி கதைக்கு வாரேன்.

பேரு சாளை. மூணு கலர். பேரு சாளையா இருந்தாலும் வீட்டுல நான் ஆஞ்சு, கழுவி, வேக வச்சுக் குடுக்குற சாளை மீன மோந்து பாத்துட்டு, மண்ணு தள்ளுற மாதிரி காலால தரையப் பறிச்சுட்டுப் போயிரும். ஆனா பின்னாடி சந்துல யாரோ மத்தியான வெயில்ல கொட்டிட்டுப் போன மீன் தலையும் கொடலும்னா, அது ஓட்டல் சாப்பாடு. போய் ஒரு கட்டு கட்டிட்டு வந்து ராத்திரி முழுக்க ஓங்கரிப்பு. விடியக்காலம் பாத்தா மண்தொட்டில தண்ணி மாதிரி.

தூத்துக்குடியில பூனை வளக்குறதுல உள்ள பெரிய சங்கடமே இதுதான். ஊரே மீன். விசைப்படகு காலம்பற அஞ்சு மணிக்குப் போய் ராத்திரிக்குள்ள திரும்புற ஊர் இது. மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் நடக்குற எடத்துல நிக்குற பூனைகளப் பாத்தா நமக்கே பொறாமையா இருக்கும், ஒவ்வொண்ணும் அப்படி ஒரு மினுமினுப்பு. திரேஸ்புரத்துல வள்ளம் கரையேறுற பக்கம் போனா, காரல் மீனப் பொறுக்கித் திங்க பூனைக்கும் காக்காவுக்கும் அடிதடி. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் வந்தா, விசைப்படகு கட்டிக் கெடக்குற அந்த 61 நாளும் துறைமுகத்துப் பூனைகளுக்கு எலும்பு தெரிய ஆரம்பிச்சிரும்.

அதனால பூனைன்னா மீனுன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா பூனையோட மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை. எலி, பல்லி, சின்னக் குருவின்னு திங்கப் பொறந்த சீவன். கடல் மீன் அது பரம்பரைச் சாப்பாடே கெடையாது, நம்ம பழக்கி விட்டது. மீன் குடுக்கக் கூடாதுன்னு சொல்லல. (சொன்னா இந்த ஊர்ல குடியிருக்க முடியாது.) எப்படிக் குடுக்குறோம்ங்கறதுதான் விஷயம். பச்சையா தெனம் சாளையோ நெத்திலியோ போட்டா, அந்த மீன்ல உள்ள ஒரு நொதி பூனை சாப்பாட்டுல இருக்குற பி1 வைட்டமின அழிச்சிரும். ரொம்ப நாள் ஓடிச்சுன்னா கழுத்து கீழ மடங்கி, தள்ளாடித் தள்ளாடி நடக்கும், வலிப்பும் வரலாம். வேக வச்சா அந்த நொதி செத்துப் போவும். ஆக வேக வச்சுப் போடுங்க, முள்ள எடுத்துட்டு.

வேக வச்சாலும் தப்பாத கேஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வெயில்ல கெடந்த சூரை, அயிலை, சாளை. இதுகள்ல கெட்டுப் போறப்ப ஹிஸ்டமின்னு ஒரு வேதிப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போவாது. மனுசனுக்கே மூஞ்சி செவந்து தலைவலியும் பேதியும் வரும். ரெண்டாவது, பேத்தை மீன். வலையில வந்தா கரையில தூக்கிப் போட்டுருவாங்கள்லா, ஊதிக்கிட்டுக் கெடக்குமே, அது. அதோட ஈரல்லயும் முட்டையிலயும் உள்ள விஷம் நரம்ப முடக்கி மூச்ச நிறுத்திரும். பூனை அதத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா வீட்டு வைத்தியம்ங்கற பேச்சுக்கே எடம் இல்ல, ஓடுங்க.

(எங்க அப்பா சொல்லுவாங்க, முத்துக்குளிப்பு நடந்த காலத்துல சிப்பியக் குவிச்சு அழுக விட்டு, அப்புறம் கழுவித்தான் முத்து எடுப்பாங்களாம். அந்த நாத்தம் ஊரையே தூக்கிருமாம். கடைசிக் குளிப்பு நடந்தது 1961-ல. அழுகுன சிப்பிக்குள்ளயாவது முத்து இருந்துச்சு. அழுகுன சாளைக்குள்ள பேதிதான் இருக்கு. இத எங்க மகாராணிக்கு யாரு எடுத்துச் சொல்றது.)

இப்ப வீட்டுல நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன். பெரும்பாலும் ஒண்ணும் செய்யல. அதுதான் வைத்தியமே.

மொதல்ல அத்தைய சமாளிக்கணும். எங்க அத்தை பால் கிண்ணத்தோட நிக்காங்க. "ஏட்டி, பச்ச வயித்தோட கெடக்கு, ஒரு வாய் பாலாவது ஊத்து." குட்டியா இருக்கும்போது தாய்ப்பால் செரிக்க லாக்டேஸ்னு ஒண்ணு சுரக்கும் அத்தை, பால்குடி மறந்ததும் அது கொறைஞ்சிரும், அதுக்கப்புறம் மாட்டுப் பால் குடிச்சா செரிக்காம கொடல்ல தண்ணிய இழுத்து இன்னும் அதிகமாப் போவும்னு வெளக்குனேன். அத்தை என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, "எங்க வீட்டுப் பூனையெல்லாம் பால் குடிச்சுத்தான் வளந்துச்சு"ன்னுட்டு அந்தப் பால எடுத்துட்டுப் போய் அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடிச்சாங்க. சுபம்.

சோத்த கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சேன். வளந்த பூனைக்குக் கொஞ்ச மணி நேரம் வயித்தக் காலியா விடலாம். ஆனா நாயி மாதிரி, மனுசன் மாதிரி நாள் கணக்குல பட்டினி போடக்கூடாது. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாமக் கெடந்துச்சுன்னா, அதுவும் குண்டுப் பூனையா இருந்தா, ஒடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலுக்கு வந்து அடைஞ்சு ஈரலே கெட்டுப் போவும். "வயித்தக் காயப்போட்டா எல்லாம் சரியாயிரும்"ங்கறது பூனைக்குச் செல்லாது. குட்டியக் காயவே போடக்கூடாது.

தண்ணிதான் முக்கியம். எவ்வளவு வத்திப் போயிருக்குன்னு பாக்க, தோள்பட்டைக்கு மேல உள்ள தோல லேசாத் தூக்கி விடுங்க. சடார்னு ஒட்டிக்கிட்டா நல்லது. கூடாரம் மாதிரி நின்னுட்டுப் பைய எறங்குனா தண்ணி வத்தியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் மேலுதட்டத் தூக்கி ஈறத் தொடுங்க. ஈரமா, வழவழன்னு, ரோஸ் நிறத்துல இருக்கணும். வெரல் ஒட்டிக்கிச்சுன்னா வறட்சி. வெளுத்துப் போயிருந்தாலோ மஞ்சளா இருந்தாலோ அன்னைக்கே டாக்டர். (சாளைக்கு ஈறு நல்லா இருந்துச்சு. எனக்குத்தான் வெரல்ல கடி.)

வெறும் தண்ணிய பூனை சட்ட பண்ணாது, அதுக்குத் தாகமே கம்மி. அதனால எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறிய வெறும் தண்ணியில வேக வச்சு, அந்தச் சாற ஆற வச்சு வச்சேன். உப்பு கெடையாது, வெங்காயம் கெடையாது, பூண்டு கெடையாது, மஞ்சத்தூள் கெடையாது. மொதல்ல மோந்து பாத்துச்சு. திரும்பிக்கிச்சு. நான் அடுக்களைக்குள்ள போனதும் நக்குற சத்தம். நின்னு பாத்தா குடிக்காதாம், கவுரவம்.

குடிக்காத நேரத்துல சிரிஞ்சுல சொட்டுச் சொட்டா, வாயோட ஓரத்துல, கோரப்பல்லுக்குப் பின்னாடி விடணும். நேரா தொண்டைக்குள்ள பீச்சினா நுரையீரலுக்குப் போயிரும். வாந்தி எடுத்துக்கிட்டிருக்கும்போது கட்டாயப்படுத்தி ஊத்தவே கூடாது. ஓஆர்எஸ் குடுக்கலாமான்னு கேப்பீங்க. ஆரஞ்சு மணம் போட்டத எங்க சாளை நுரை தள்ளித் துப்பிருச்சு, எதுக்கால நின்ன என் சேலையில. டாக்டர்கிட்ட கேட்டு, அவங்க சொல்ற அளவுல, மணம் போடாததக் குடுங்க.

பூண்டு, வெங்காயம் ஏன் வேண்டாங்கறதுக்கு மறுபடி அதே ரத்தக் கதைதான். பச்சையோ, சுட்டதோ, பொடியோ, செவப்பணுவ ஒடைச்சு ரத்தசோகையில கொண்டு விடும். ரசம் ஊத்துறவங்க, மீன் கொழம்புச் சோத்தப் பெசஞ்சு வைக்குறவங்க, கேட்டுக்கோங்க. நல்லா இருக்குற பூனைக்கும் அது நல்லதில்ல.

வாந்தி நின்னப்புறம் அதே கோழியப் பிச்சுப் பிச்சு ஒரு ஸ்பூன், கொஞ்சம் கழிச்சு இன்னொரு ஸ்பூன். மறுநாள் விளமீன் துண்டு ஒண்ண வேக வச்சு, முள்ள வெரலால தடவித் தடவி எடுத்துக் குடுத்தேன். (எங்களுக்கு அன்னைக்கு பருப்புக் கொழம்பு. பூனைக்கு விளமீன்.) கூடவே அவிச்ச மஞ்சப் பூசணிக்காய ஒரு சின்ன ஸ்பூன் மசிச்சுக் கலந்தேன். அதுல உள்ள நார் தண்ணிய இழுத்து மலத்தக் கெட்டியாக்கும். சாளை பூசணிய மட்டும் நாக்காலயே ஒதுக்கித் தட்டோட வெளிம்புல வச்சுட்டுப் போச்சு. எம்மகன் பட்டாணிய ஒதுக்குறதே பரவாயில்ல.

தெருவுல சொன்ன வைத்தியத்துல என்னைய நெசமாவே பயமுறுத்துனது ரெண்டு.

ஒண்ணு, உப்புத்தண்ணி. கெட்டதத் தின்னுருச்சுன்னா உப்பக் கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்கணுமாம். உப்பளத்து ஊருல்லா, எல்லாத்துக்கும் உப்புதான் மருந்து. பூனைக்கு அந்த உப்பு ரத்தத்துல ஏறுச்சுன்னா மூளைய பாதிக்கும், வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்குறது டாக்டர் வேலை.

ரெண்டு, விளக்கெண்ணெய். எதிர்வீட்டு ஆச்சி சொன்னாங்க, அவங்க வீட்டுக் கடுவன் மண்தொட்டில போய்ப் போய் உக்காந்து முக்குதாம், மலச்சிக்கலாம், விளக்கெண்ணெய் ஊத்தப் போறாங்களாம். எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. "ஆச்சி, மூத்திரம் போச்சா?"ன்னேன். "அத யாருட்டி பாத்தா?" கடுவன் பூனைக்கு மூத்திரக்குழா ரொம்பக் குறுகல். சின்னக் கல்லோ கசடோ அடைச்சுக்கிட்டா, பாக்க மலச்சிக்கல் மாதிரியே முக்கும், கத்தும், கீழ நக்கிக்கிட்டே இருக்கும். அடைப்ப எடுக்கலன்னா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துப் போவும். ஆச்சி பேரன் ஆட்டோவுல தூக்கிட்டு ஓடுனான், அடைப்பேதான். குழா போட்டு எடுத்தாங்க. கடுவன் இப்ப எங்க மதில்ல உக்காந்து சாளையப் பாத்துப் பாட்டுப் பாடுது.

இன்னொண்ணு நம்ம கடற்கரைக்காரங்களுக்கு மட்டும். தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு. மீன் வாசம் இருக்குற நரம்பப் பூனை நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சிரும். வாயிலயோ பின்னாடியோ நுனி தொங்குனா, தயவுசெஞ்சு இழுக்காதீங்க. உள்ள கொடல் அதச் சுத்திச் சுருங்கி நிக்கும், இழுத்தா அறுத்துரும். நுனியத் தொடாம அப்படியே தூக்கிட்டுப் போங்க. தூண்டில் முள்ளு மாட்டுனாலும் அதேதான்.

அப்புறம் கழுவுறது. தரையெல்லாம் அசிங்கம் பண்ணி வச்சிருக்கு, நாத்தம். கருப்பு பினாயில ஊத்தித் தொடைச்சிரலாம்னுதான் கை போவும். அது ஈரமா இருக்கும்போதே பூனை நடக்கும், அப்புறம் பாதத்த நக்கும். பாராசிட்டமாலக் கழிக்க முடியாத அதே ஈரலுக்கு பீனாலையும் கழிக்க முடியாது. சோப்புத்தண்ணி போதும். தொத்துவியாதின்னு சந்தேகம் இருந்தா பிளீச்ச நல்லா தண்ணி கலந்து தேச்சு, அலசிக் காய விட்டுட்டு, அப்புறம்தான் பூனைய உள்ள விடணும்.

அத்தையோட நாட்டு மருந்துல ஒண்ணே ஒண்ணுக்கு நான் ரசிகை. கொல்லையில போய் குப்பைமேனிய வேரோட பிடுங்கிட்டு வந்து தரையில போட்டாங்க. (பூனைவணங்கின்னும் சொல்லுவாங்க.) சாளை அந்த வேர மோந்து, கன்னத்தத் தேச்சு, மல்லாந்து உருண்டு, எச்சி வடிச்சு, குடிகாரன் மாதிரி கெடந்துச்சு. வெளிநாட்டுல இதுக்குன்னே கேட்னிப்னு வேற ஒரு செடியக் காசு குடுத்து வாங்குறாங்க, நமக்கு இது குப்பைமேட்டுல சும்மா மொளச்சுக் கெடக்கு. வயித்துக்கு அது ஒண்ணும் செய்யல, வாஸ்தவம். ஆனா வீட்டுல எல்லாருக்கும் பொழுதுபோச்சு. அரைச்சுச் சாறு புகட்டுறேன்னு மட்டும் கெளம்பிறாதீங்க. இலங்கையில குப்பைமேனிக் கஞ்சி குடிச்ச ஜி6பிடிங்கற நொதி குறைபாடு உள்ளவங்களுக்கு செவப்பணு ஒடைஞ்ச கேஸ் மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. மனுசனுக்கே அப்படின்னா, எட்டு முனைக்காரிக்கு எதுக்கு வம்பு.

ஒரு வழியா மலம் கெட்டிப்பட்டு, ராத்திரி மூணு மணிக்கு என் நெஞ்சு மேல ஏறி மிதிச்சு "சோறு"ன்னு கத்துனப்ப, சரியாயிட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேன். பழைய சாப்பாட்டுக்கு உடனே போகாம, கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்துனேன்.

குட்டிங்க விஷயம் முழுக்க வேற. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமா, தண்ணிக் கிண்ணத்து மேல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, குடிக்காம உக்காந்திருந்தா அது பெரும்பாலும் பூனை பார்வோ. கோழிச் சாறு, பூசணி எதுவும் அதுக்கு நிக்காது, டிரிப்ஸ் வேணும். ஆறு எட்டு வாரத்துல மொத ஊசி போட்டு, மூணு நாலு வாரத்துக்கொருக்கா பதினாறு வாரம் வரைக்கும் தொடர்ந்து போட்டா இது வராமத் தடுத்துரலாம். வால் அடியில அரிசி மாதிரி ஒட்டிக்கிட்டு நெளிஞ்சா நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி மூலமா வாரது. புழு மருந்து எடை பாத்துக் குடுக்கணும், குத்துமதிப்பா இல்ல.

நம்ம பக்கம் கால்நடை ஆஸ்பத்திரியில ஆடு மாட்டுக் கூட்டத்துக்கு நடுவுல பூனைக் கூடையோட நிக்க வெக்கப்படாதீங்க. பெருசா எதுவும்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012-ல தொடங்குனது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொறைய ஆவும்.

எனக்குக் கேள்வி அனுப்புறவங்க பூனை வயசு, கடைசியா என்ன தின்னுச்சு, வாந்தி உண்டா, ஈறு என்ன நிறம், மூத்திரம் போகுதான்னு எழுதுங்க. ரத்தமோ தார் மாதிரி கருப்போ போனா, ஒரு நாளுக்கு மேல சாப்பிடலன்னா, சோந்து மூலையில ஒளிஞ்சுக்கிட்டா, இல்ல குட்டியா இருந்தா எனக்கு எழுதாதீங்க, ஆட்டோ புடிங்க. போறப்ப மலத்துல கொஞ்சத்த ஒரு மூடி போட்ட டப்பாவுல எடுத்துக்கோங்க. டாக்டர் மொதல்ல கேக்குறது அதத்தான்.